மின்மோட்டாரின் வேகமும் மாத்திரைக் கணக்கும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம் மின்பொறியைப்பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் வியக்கலாம். 'இவர்க்கு இலக்கணமும் இலக்கியமும் போதாவோ? பௌதிகப் பிரிவினர் எழுதவேண்டுவதை இவர் எழுதுவானேன்?' என வினவுவாரும் உளராவர். அவர்க்கு எம் விடை ஒன்றே. இப்பொருளை யாம் தேடிச் சென்றேம் அல்லேம். எம் இல்லத்துத் திண்ணையிலே, அறுந்த நூலிழை ஒன்றின் வாயிலாக, அது எம்மைத் தேடி வந்தது. அதனைக் கற்றபோது எமக்கு உண்டான பயனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளுதல் கடன் எனக் கருதி, எமக்கு விளங்கிய அளவில் ஈண்டு எழுதுகின்றோம்.

தோற்றுவாய்

எம் தந்தையார் கைத்தறி நெசவு செய்பவர். தறி இடையறாது ஓடவேண்டுமாயின், தறியில் இருப்பார் ஒருவர் மட்டும் போதார்; ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பார் ஒருவரும் வேண்டும். நூற்சிட்டத்தைப் பரிவட்டத்தில் மாட்டி, இராட்டையின் சக்கரத்தை வலக்கையாற் சுற்றி, இடக்கை விரல்களுக்கிடையே இழையை நழுவவிட்டுத் தார்க்குச்சியில் ஏற்றும் இவ்வேலையை எம் அன்னையாரே இருபது ஆண்டுகட்கு மேலாகச் செய்து வந்தனர். சென்ற ஆண்டில் அவருடைய வலத்தோள் நோவுற்றது. இனிச் சக்கரம் சுற்றலாகாது என மருத்துவர் கூறிவிட்டார். தார் இல்லையேல் தறி இல்லை. தறி இல்லையேல், எம் கல்லூரிச் சம்பளம் உட்பட, எங்கள் இல்லத்தில் ஒன்றும் இல்லை.

எனவே, பழம்பொருட் கடையில் 12 வோல்ட்டு நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்றை வாங்கி, ஒரு வாரினால் இராட்டையோடு பிணைத்தோம். மோட்டார்வண்டிக்குரிய பழைய பாட்டரி ஒன்றும் கிடைத்தது. பொத்தானை அழுத்தினோம். இராட்டை துள்ளி எழுந்தது. 80 நெம்பர் நூல் அக்கணமே அறுந்தது. முடிந்து மீண்டும் அழுத்தினோம், மீண்டும் அறுந்தது. இழையில் விழும் முடிச்சு சேலையிற் குறையாகத் தோன்றும். குறையுள்ள சேலைக்குக் கூலி குறையும். ஆதலின் மோட்டாரின் இழுவை எமக்கு வேண்டும். அதன் விரைவு வேண்டா. இழுவையைக் கெடுக்காமல் விரைவை மட்டும் குறைத்தல் எங்ஙனம்? இதுவே எம்முன் நின்ற வினா.

மோட்டாரின் இயல்பு

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்தவூசி திரும்புவதை டென்மார்க்கு நாட்டு ஆர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே மைக்கேல் பாரடே, மின்னோட்டம் பாயும் கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலச் செய்து காட்டினார். அமெரிக்க நாட்டுக் கருமானாகிய தாமஸ் டேவன்போர்ட்டு தாம் அமைத்த மோட்டாருக்கு 1837-இல் காப்புரிமை பெற்றார். இவ்வாறு வளர்ந்ததே இன்று விளையாட்டுப் பொம்மைமுதல் புகைவண்டிவரை இயக்கும் நேர்மின்னோட்ட மோட்டார்.

அதன் அமைப்பு எளிது. நிலையாக நிற்கும் காந்தங்களின் நடுவே செப்புக்கம்பி சுற்றிய உருளை ஒன்று சுழல்கின்றது. அதனை ஆர்மேச்சர் என்பர். மின்னோட்டம் பெற்ற அக்கம்பிச் சுருளைக் காந்தம் தள்ளுகின்றது. அரைச் சுற்று முடிந்தபின் அதே தள்ளுதல் எதிர்த்திசையில் ஆகிவிடாவண்ணம், உருளையின் முனையிலுள்ள செப்புத் துண்டுகளாலான கம்யூட்டேட்டரும், அதனைத் தொட்டுநிற்கும் கரித்துண்டுகளும் மின்னோட்டத்தின் திசையை உரிய காலத்தில் மாற்றிவிடுகின்றன. ஆதலின் தள்ளுதல் எப்பொழுதும் ஒரே பக்கமாக அமைந்து, உருளை இடைவிடாது சுழல்கின்றது.

இங்கே சிறப்பாக அறியவேண்டுவது ஒன்று உண்டு. காந்தத்தினிடையே சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். மோட்டாரின் சுருளும் காந்தத்தினிடையே சுழல்வதே அன்றோ? ஆகவே ஓடுகின்ற மோட்டார் தானே மின்சாரத்தைப் பிறப்பிக்கவும் செய்கின்றது. அங்ஙனம் பிறக்கும் அழுத்தம், தன்னை ஓட்டுகின்ற பாட்டரியின் அழுத்தத்திற்கு எதிராக நிற்கும். எதிரழுத்தம் என அதனைக் கூறுவோம். விரைவு எத்துணையோ எதிரழுத்தமும் அத்துணையே ஆகும். எனவே எதிரழுத்தத்தை அறிந்தால் விரைவை அறிந்தவாறாம்.

இதனை எண்களால் தெளிவோம். எம் மோட்டாரின் சுருளுக்கு 1 ஓம் மின்தடை என்றும், இராட்டையை இழுக்க 2 ஆம்பியர் ஓட்டம் வேண்டும் என்றும், 1 வோல்ட்டு எதிரழுத்தத்திற்கு நிமிடத்திற்கு 200 சுற்று என்றும் கொள்க. 12 வோல்ட்டு கொடுத்தால், சுருளின் தடையைக் கடக்க 2 வோல்ட்டு கழியும். எஞ்சிய 10 வோல்ட்டே எதிரழுத்தம். ஆகவே மோட்டார் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழலும். ஆனால் தொடங்கும் கணத்தில் சுழற்சி இல்லை, எதிரழுத்தமும் இல்லை. 12 வோல்ட்டும் 1 ஓம் தடைமேலேயே விழும்; 12 ஆம்பியர் ஓட்டம் பாயும். வேண்டுவதினும் ஆறு மடங்கு இழுப்பு அக்கணத்தில் எழும். எம் நூல் அறுந்த காரணம் இதுவே என்க.

தடையிட்டு அடக்கும் பழைய வழி

விரைவைக் குறைக்க எவர்க்கும் முதலில் தோன்றும் வழி, மோட்டாருக்கு முன்னே மற்றொரு மின்தடையை இடுதல். எமக்கும் அதுவே தோன்றியது. டிராம் வண்டிகளில் பெரும்பாலும் கையாண்டதும் இவ்வழியையே. சென்னைமாநகரில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம்கள் ஓடின என்பதை அன்பர்கள் அறிவர். இத்தகைய வண்டிகளின் ஓட்டுநர் தம்முன் நின்ற கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்ப, வழியில் நின்ற தடைகள் ஒவ்வொன்றாக விலகும். வண்டி படிப்படியாக விரையும். தடைகளில் விழுந்த மின்னாற்றல் வீணே வெப்பமாய்க் கழியும்.

எம் கணக்கிற்கு வருவோம். விரைவை 1,000 சுற்றாகப் பாதி ஆக்கவேண்டும் என்க. எதிரழுத்தம் 5 வோல்ட்டு. சுருளுக்கு 2 வோல்ட்டு. மோட்டாருக்கு ஆகமொத்தம் 7 வோல்ட்டு போதும். பாட்டரியின் 12 வோல்ட்டில் எஞ்சிய 5 வோல்ட்டை வெளித்தடை விழுங்கவேண்டும். 2 ஆம்பியர் ஓட்டத்தில் 5 வோல்ட்டை விழுங்குவது 2.5 ஓம் தடை. அதில் வெப்பமாய் அழியும் ஆற்றல் 10 வாட்டு. மோட்டார் பெறுவதோ 14 வாட்டு. பாட்டரி தரும் 24 வாட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வீணாகின்றது.

வீண் செலவையேனும் பொறுக்கலாம். பொறுக்கலாகாத குறை வேறு. தார் பருக்குந்தோறும், பரிவட்டத்தில் நூல் சிக்குந்தோறும், இராட்டையின் சுமை மாறுகின்றது. சுமை குறைந்து ஓட்டம் 1 ஆம்பியர் ஆயின், வெளித்தடை 2.5 வோல்ட்டே விழுங்கும். சுருள் 1 வோல்ட்டு கொள்ளும். எஞ்சிய எதிரழுத்தம் 8.5 வோல்ட்டு. ஆகவே மோட்டார் 1,700 சுற்றுக்குப் பாயும். சுமை மிகுந்து ஓட்டம் 3 ஆம்பியர் ஆயின், தடை 7.5 வோல்ட்டை விழுங்கும், சுருள் 3 வோல்ட்டைக் கொள்ளும், எஞ்சுவது 1.5 வோல்ட்டே. மோட்டார் 300 சுற்றில் திணறும். யாம் வைத்த குறியோ 1,000. மோட்டார் ஓடுவதோ 300-க்கும் 1,700-க்கும் இடையே! இதனை எம் திண்ணையில் கண்ணாரக் கண்டோம். ஒருகால் நின்றது, ஒருகால் பாய்ந்தது, பாய்ந்தபொழுதெல்லாம் நூல் அறுந்தது. தடையைத் தொட்ட எம் தம்பியின் விரலும் சுட்டது.

விட்டுவிட்டுப் பாய்ச்சும் புதிய வழி

இந்நிலையில் எம் விடுதியில் உடனுறையும் பௌதிகப் பிரிவு நண்பர் ஒருவரிடம் குறையைக் கூறினோம். அவர் நகைத்து, 'நீரை அடைக்க ஏன் மடையில் மண்ணைக் குழைத்துக் கொட்டுகின்றீர்? மடைப்பலகையை முழுதும் தூக்கும். பின் முழுதும் தாழ்த்தும். தூக்கிய நேரத்தையும் தாழ்த்திய நேரத்தையும் எண்ணும்' என்றார். அவர் கூறிய முறைக்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். பெயர் நெடிதாயினும் பொருள் எளிது. மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை, முழு 12 வோல்ட்டையும் சிறிது நேரம் பாயவிட்டு, சிறிது நேரம் அறவே நிறுத்தி, இவ்வாறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை செய்தலே அம்முறை. பாயும் நேரமே துடிப்பின் அகலம். அவ்வகலத்தைக் கூட்டியும் குறைத்தும் விரைவை ஆள்கின்றோம்.

தமிழ் மாணாக்கராகிய எமக்கு இது மாத்திரைக் கணக்காகவே விளங்கியது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என ஒலிக்கும் காலத்தை இலக்கண நூலார் அளந்து வைத்தனர். ஒலியின் உரப்பை அன்று, அது நிலைக்கும் காலத்தையே அவர் அளந்தது. அவ்வாறே இங்கும் மின்னழுத்தத்தின் உயரம் மாறுவதில்லை. அது நிலைக்கும் காலமே மாறுகின்றது. ஒரு துடிப்பிற்குப் பன்னிரண்டு மாத்திரை எனக் கொள்க. அவற்றில் ஏழு மாத்திரை 12 வோல்ட்டு பாய்ந்து, ஐந்து மாத்திரை ஒன்றும் பாயாதிருந்தால், சராசரி அழுத்தம் 7 வோல்ட்டு. மூன்று மாத்திரை பாய்ந்து ஒன்பது மாத்திரை ஒழிந்தால் சராசரி 3 வோல்ட்டு. துடிப்பின் மொத்த நீளம் மாறாது; உள்ளே அமைந்த பங்கீடே மாறும்.

'விட்டுவிட்டுப் பாய்ந்தால் மோட்டாரும் நின்று நின்றன்றோ ஓடும்?' என்பது அடுத்து எழும் ஐயம். குயவரின் திகிரியை நினைக்க. குயவர் கோலினால் திகிரியைச் சில முறை உந்திவிட்டுக் கோலை எடுத்து விடுகின்றார்; உந்தாத வேளையிலும் திகிரி தன் கனத்தினால் சுழன்றுகொண்டே இருக்கின்றது. உந்துதல் விட்டுவிட்டு நிகழினும் சுழற்சி தொடர்ந்தே நிகழ்கின்றது. மோட்டாரின் உருளைக்கும், அதனோடு பிணைந்த இராட்டைக்கும் கனம் உண்டு. நொடிக்கு ஆயிரம் முறை உந்தினால் ஒவ்வோர் உந்துதலையும் அது தனித்தனியே உணராது. சராசரியை மட்டுமே உணரும்.

இனி இவ்வழியின் சிறப்பைக் காண்போம். வெப்பமாய் அழியும் ஆற்றல், ஒரு பொருளின்மேல் விழும் அழுத்தத்தையும் அதனூடு பாயும் ஓட்டத்தையும் பெருக்கிய அளவாகும். மின்னைப் பாயவிடும்பொழுது வாயிலில் ஓட்டம் உண்டு, அழுத்தம் இல்லை. நிறுத்தும்பொழுது அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. இரண்டினுள் ஒன்று எப்பொழுதும் ஏறக்குறையச் சுன்னமாதலின், பெருக்கிவந்த தொகையும் சுன்னத்தை ஒட்டியதே. ஆகவே 24 வாட்டு செலவான இடத்தில் இப்பொழுது 14 வாட்டே செலவு.

சுமை மாறும்பொழுது யாது நிகழும்? சராசரி 7 வோல்ட்டு மோட்டாரின்மேல் எப்பொழுதும் உண்டு. இடையே நின்று விழுங்கும் தடை இல்லை. ஓட்டம் 1 ஆம்பியர் ஆயின் எதிரழுத்தம் 6 வோல்ட்டு. விரைவு 1,200 சுற்று. ஓட்டம் 3 ஆம்பியர் ஆயின் எதிரழுத்தம் 4 வோல்ட்டு. விரைவு 800 சுற்று. முன்னர் 300-க்கும் 1,700-க்கும் இடையே அலைந்த மோட்டார், இப்பொழுது 800-க்கும் 1,200-க்கும் இடையே அடங்குகின்றது. தார் சுற்றுவார்க்கு வேண்டிய அடக்கம் இதுவே அன்றோ!

எரிந்த டிரான்சிஸ்டர் கற்பித்த பாடம்

நொடிக்கு ஆயிரம் முறை பாயவிட்டு நிறுத்துதல் கையினால் இயலாது; அசையும் பொத்தான்களாலும் நெடுநாள் இயலாது. அசையாமல், தேயாமல் மின்னைத் திறந்து அடைக்கும் வாயில் வேண்டும். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பர்டீனும் பிராட்டெயினும் கண்ட டிரான்சிஸ்டரே அதற்கு வித்து. அவ்விருவர்க்கும் ஷாக்லிக்குமாக 1956-இல் பௌதிக நோபெல் பரிசு கிடைத்தது. அதே ஆய்வகத்தில் 1959-இல் அட்டல்லா, காங் என்னும் இருவர் அமைத்தது மாஸ்ஃபெட் என்னும் வகை. இதற்கு மூன்று கால்கள். வாயிற்காலில் 10 வோல்ட்டளவு அழுத்தம் தந்தால் மற்ற இரு கால்களுக்கும் இடையே மின் தடையின்றிப் பாயும். அவ்வழுத்தத்தை நீக்கினால் நின்றுவிடும். யாம் வாங்கிய ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என் என்னும் மாஸ்ஃபெட்டு, முழுதும் திறந்த நிலையில் 0.0175 ஓம் தடைக்கு மேற்படாதது. 2 ஆம்பியர் பாயும்பொழுது அதில் எழும் வெப்பம், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. ஆனால் வாயிலுக்குப் போதிய அழுத்தம் தராமல் அரைகுறையாகத் திறந்தால், அதுவும் பழைய தடையைப்போலவே கொதிக்கும். முழுத் திறப்பு, முழு அடைப்பு என்னும் இரண்டே அதற்கு உரியவை.

நண்பர் அருகில் இல்லாத ஒரு விடுமுறை நாளில், ஆர்வ மிகுதியால் யாமே மோட்டாரையும் மாஸ்ஃபெட்டையும் பிணைத்து ஓட்டினோம். சிறிது ஓடிற்று, பின்னர் மணம் ஒன்று எழுந்தது, மாஸ்ஃபெட்டு மாண்டது. மோட்டாருக்குக் குறுக்கே இடவேண்டிய டயோடு ஒன்றை யாம் இடாது விட்டதே காரணம்.

அது ஏன் வேண்டும்? கம்பிச் சுருளில் பாயும் ஓட்டம் திடீரென நிற்க இசையாது. நிறுத்த முயன்றால், ஓட்டத்தைத் தொடரச் செய்யும்பொருட்டுச் சுருளே பேரழுத்தத்தை எழுப்பும். இப்பண்பைத் தூண்டம் என்பர். சுருளின் தூண்டம் 1 மில்லிஹென்றி எனின், 2 ஆம்பியர் ஓட்டத்தை ஒரு நொடியின் பத்துலட்சத்தில் ஒரு பங்கிற்குள் நிறுத்தினால் எழ முயலும் அழுத்தம் 2,000 வோல்ட்டு. மாஸ்ஃபெட்டு பொறுப்பதோ 55 வோல்ட்டு. நொடிக்கு ஆயிரம் முறை இவ்வடி விழுந்தால் அது பிழைப்பது எங்ஙனம்?

இதற்கு மாற்று, ஒருவழியே மின்னை விடும் டயோடை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பாட்டரியின் ஓட்டத்திற்கு எதிர்முகமாக இடுதல். மாஸ்ஃபெட்டு அடைந்ததும், சுருளின் ஓட்டம் டயோடு வழியே வளைந்து மோட்டாருக்குள்ளேயே மீண்டும் சுற்றி வரும். அடிக்கும் அழுத்தம் எழாது. அன்றியும், வாயில் அடைபட்ட வேளையிலும் ஓட்டம் தொடர்வதால் இழுவையும் தொடர்கின்றது. திகிரியின் கனம் சுழற்சியைக் காப்பதுபோலச் சுருளின் தூண்டம் ஓட்டத்தைக் காக்கின்றது. டயோடை இடுவது பாதுகாப்பிற்கு மட்டும் அன்று. அஃது இல்லையேல் இம்முறையே நிறைவுறாது. விரைந்து திறந்தடையும் ஷாட்கி வகை டயோடே இதற்கு ஏற்றது.

துடிப்பை அளந்து தரும் கருவி

இனி மாஸ்ஃபெட்டின் வாயிலுக்கு மாத்திரை எண்ணித் தருவார் யார்? 555 என்னும் எண் பெயராகிய சிறு சில்லு அதனைச் செய்கின்றது. ஹான்ஸ் காமென்சிந்து என்பார் வகுத்த இது 1972-இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் சிறிய விலைக்கு எங்கும் கிடைக்கின்றது.

அதன் செயல் நாழிகைவட்டிலை ஒத்தது. மின்தேக்கி ஒன்று நிரம்புவதையும் ஒழிவதையும் அது நோக்கியிருக்கும். சில்லின் உள்ளே ஒத்த மூன்று தடைகள் பாட்டரியின் அழுத்தத்தை மூன்று கூறாக்குகின்றன. 12 வோல்ட்டில் அக்கூறுகளின் எல்லைகள் 4-உம் 8-உம் ஆம். தேக்கி 4 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டிற்கு ஏறும்வரை சில்லின் வெளிக்கால் மின்னைத் தந்து நிற்கும். 8-ஐ எட்டியதும் வெளிக்கால் மின்னை நிறுத்தி, தேக்கியை ஒழிக்கத் தொடங்கும். 4-க்கு இறங்கியதும் மீண்டும் நிரப்பும். ஏறும் காலமே பாயும் காலம். இறங்கும் காலமே நிற்கும் காலம்.

இவ்விரண்டையும் தனித்தனியே ஆள்வதற்கு ஒரு சூழ்ச்சி செய்தனர் அறிஞர். 1,00,000 ஓம் உடைய திருகுதடை ஒன்றின் நடுக்காலைத் தேக்கியோடு இணைத்து, இருபுறக் கால்களில் எதிரெதிர் முகமாக இரண்டு சிறு டயோடுகளை வைத்தனர். நிரப்பும் மின் இடப்பக்கத் தடையின் வழியே செல்லும். ஒழியும் மின் வலப்பக்கத் தடையின் வழியே திரும்பும். திருகைத் திருப்பினால் ஒருபக்கத் தடை எத்துணை குறைகின்றதோ மறுபக்கம் அத்துணை கூடுகின்றது. ஆதலின் மொத்தக் காலம் மாறாது. பங்கீடு மட்டும் மாறும். பாட்டரியிலிருந்து நிரப்பும் வழியில் 1,000 ஓம் தடை ஒன்றும் நிலையாக இருக்கும். மொத்தம் 1,01,000 ஓம். இதனைத் தேக்கியின் கொள்ளளவாலும் 0.693 என்னும் எண்ணாலும் பெருக்கினால் ஒரு துடிப்பின் காலம் கிடைக்கும். 0.01 மைக்ரோபாரடு தேக்கிக்கு அது ஏறக்குறைய 0.0007 நொடி, அதாவது நொடிக்குச் சுமார் 1,400 துடிப்பு.

துடிப்பு எத்துணை விரைவாதல் வேண்டும்

யாம் முதலில் வைத்தது இந்த 1,400 துடிப்பே. இராட்டை அடங்கி ஓடிற்று; ஆயினும் மோட்டார் வண்டுபோல் ஓயாது இரைந்தது. துடிப்பிற்கேற்பச் சுருளும் இரும்பும் அதிர்வதால் எழும் ஒலி அது. கல்லூரிப் பௌதிக ஆய்வகத்தில் ஆசிரியர் இசைவு பெற்று அலைகாட்டியில் நோக்கியபொழுது மற்றொரு குறையும் புலப்பட்டது. 2 ஆம்பியராக நிலைத்திருக்கவேண்டிய ஓட்டம், ஒவ்வொரு துடிப்பிலும் 1-க்கும் 3-க்கும் இடையே ஏறியிறங்கியது. தேக்கியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத் துடிப்பை நொடிக்கு 14,000 ஆக்கினோம். ஏற்றிறக்கம் பத்தில் ஒன்றாய்ச் சுருங்கியது. இரைச்சலும் ஊசிமுனைபோல் மெலிந்தது. இவ்வொலி எமக்குச் சிறிது கேட்டது; அன்னையாருக்கு அறவே கேட்கவில்லை. முதுமை முதலிற் கவர்வது மிகு நுண்ணொலிகளையே ஆதலின் என்க. 20,000-க்கு மேற்படின் எவர் செவிக்கும் எட்டாது.

அற்றேல், துடிப்பை வரம்பின்றி விரைவாக்கலாமோ எனின், ஆகாது. மாஸ்ஃபெட்டு அடைப்பிலிருந்து திறப்பிற்கு மாறும் சிறு கணத்தில் அழுத்தமும் ஓட்டமும் ஒருங்கே நிற்கும்; அக்கணத்தில் வெப்பம் எழும். துடிப்பு மிகுந்தால் அத்தகைய கணங்களும் மிகும். ஆகவே இரைச்சலுக்கும் வெப்பத்திற்கும் இடைப்பட்ட அளவைத் தேர்தலே அறிவுடைமை.

எஞ்சிய குறைகளும் எச்சரிக்கைகளும்

இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. சுமை மாறினால் விரைவு சிறிதேனும் மாறவே செய்யும். நுட்பமான பொறிகளில், மின் நின்ற கணத்தில் மோட்டாரின் எதிரழுத்தத்தை அளந்து, அதனால் உண்மை விரைவை அறிந்து, துடிப்பின் அகலத்தைத் தானே திருத்தும் சுற்றுக்களை அமைக்கின்றனர். எம்மிடம் அவ்வமைப்பு இல்லை. மேலும், திருகை மிகக் குறைத்து வைத்தால் உராய்வை வெல்லமாட்டாமல் மோட்டார் உறுமி நின்றுவிடும்.

செய்து பார்க்க விரும்பும் இளையோர் மூன்றை மறவாதிருப்பாராக. பாட்டரிக்கு அருகே உருகி ஒன்று இடுக. மோட்டார்வண்டிப் பாட்டரியின் இரு முனைகள் தவறித் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீயை விளைக்கும். டயோடை முதலில் வைத்துப் பின்னரே மின்னை விடுக. வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தோடு இச்சுற்றை ஒருகாலும் இணைக்கற்க. அஃது உயிருக்கே கேடாகும்.

முடிவுரை

எம் இராட்டை சென்ற தைத்திங்கள் முதல் இவ்வாறே ஓடுகின்றது. அன்னையார் திருகை முற்றும் குறைத்து வைத்து மோட்டாரை விடுகின்றார். பின்னர் மெல்லத் திருப்புகின்றார். இராட்டை துயில் எழுவதுபோல் எழுந்து சுழல்கின்றது. முதல் தார் முடிந்தபோது அவர் அதனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, 'ஒரு முடிச்சும் இல்லை' என்றார். வேறு புகழ்ச்சி எமக்கு வேண்டியதில்லை. தார் பருத்து இழையின் இழுப்பு மாறுங்கால், அதனை விரலிடையில் உணர்ந்து திருகைச் சிறிது திருப்புகின்றார். மேலே யாம் கூறிய, தானே திருத்தும் நுண்சுற்று எம் இல்லத்தில் அன்னையாரின் விரலே.

ஒன்று மட்டும் கூறி முடிக்கின்றோம். எம் ஊரில் கைத்தறி நெய்யும் இல்லங்கள் இன்னும் உள. அவற்றில் இராட்டை சுற்றித் தோள் நொந்த தாய்மார் பலர். அவர்க்கு உதவும் இச்சுற்றின் பொருள்கள் எல்லாம் ஓர் உள்ளங்கையில் அடங்குவன. பௌதிகம் பயிலும் நண்பர்கள் அதனை அமைக்க அறிவார்கள். தமிழ் பயிலும் யாம் அதனை அவர்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துக்கூற அறிவோம். இரு திறத்தாரும் விடுமுறை நாட்களில் ஒருங்கு சென்றால் ஆகாதது யாது? இக்கட்டுரையிற் காணும் பிழைகளை ஆசிரியப் பெருமக்களும் அறிஞரும் பொறுத்துத் திருத்துவார்களாக.